பற்று, சார்பு, இணைச்சார்பு: மூன்றும் ஒன்றா?

ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் இருக்க முடியவில்லை என்றால், 'ரொம்ப அட்டாச்டு', 'டிபென்டென்ட்', 'கோடிபென்டென்ட்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். பிரிந்தால் அழுகிறாரா என்று பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. அழுகை எல்லாவற்றிலும் உண்டு.

பற்றை மனிதக் குழந்தையின் இயல்பான தேவையாகவே பார்த்தார் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அவரோடு பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த்தின் சோதனையில், ஒரு வயதுக் குழந்தையைப் புது அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போவார். தாய் திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது என்பதைத்தான் எய்ன்ஸ்வர்த் கூர்ந்து பார்த்தார். பாதுகாப்பான பற்றுள்ள குழந்தை, அழுதிருந்தால்கூட, தாயிடம் வந்து ஒட்டிக்கொள்ளும், தேறும், அப்புறம் பொம்மைக்குப் போய்விடும். அந்தப் பொம்மைக்குப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. தெம்பு கிடைத்ததும் விலகிப் போக முடிகிறது.

சார்பில் அந்த விலகல் நடக்காது. எந்தச் சட்டை போடுவது என்பதற்குக்கூட யாராவது 'சரி' சொல்ல வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு, என்னைக் கேட்டால் இதுதான் பெரியது: பற்று குறிப்பிட்ட ஒருவர் மேல் வருவது, அவர் இடத்தில் வேறொருவரை வைக்க முடியாது. சார்புக்கு நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, யார் உட்கார்ந்தாலும் சரி. சார்பு ஆளுமைக் கோளாறுக்கு மனநல மருத்துவம் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, ஓர் உறவு முறிந்ததும் அவசர அவசரமாக அடுத்ததைத் தேடுவது.

'லிமரன்ஸ்' என்று அமெரிக்க உளவியலாளர் டாரத்தி டென்னவ் 1979-இல் எழுதிய காதல் பித்து தனி ரகம். நாம் விரும்புகிறவருக்கு நம்மைப் பிடிக்குமா, பிடிக்காதா என்ற சந்தேகமே அதற்குத் தீனி.

இணைச்சார்பு, அதாவது கோடிபென்டென்சி, அமெரிக்காவில் குடிநோயாளிகளின் குடும்பங்களைப் பற்றிய பேச்சிலிருந்து பரவிய சொல். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டி.எஸ்.எம்.-5 கையேட்டில் இது தனி நோயாக இல்லை. கணவர் போதை தெளியாமல் கிடக்க, மனைவி அலுவலகத்துக்குப் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல் சார், இன்னைக்கு வரமாட்டார்" என்கிறார். தாங்குபவர் போலத் தெரிகிற இவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது: தான் தேவைப்படுவது. அவர் குடியை நிறுத்திவிட்டால் இவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இந்தச் சொல்லைத்தான் இப்போது கண்டபடி ஒட்டுகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது இணைச்சார்பு ஆகாது. அங்கே யாரும் யாருடைய தவறையும் மூடி மறைக்கவில்லை.