டெப்போவா, வரைபட மேசையா?

தம்பி மகனுக்கு போக்குவரத்து மேலாண்மை, நகரமைப்பு இரண்டிலும் ஆசை. "எத படிக்கட்டும் பெரியப்பா?" என்கிறான்.

காலை 8 மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் போக்குவரத்து மேலாண்மை புரிந்துவிடும். ஒரு டிரைவர் லீவு போட்டால் குளச்சல் வண்டிக்கு மாற்று ஆள் பிடிக்க வேண்டும். டீசல் எவ்வளவு குடித்தது, கிலோமீட்டருக்கு என்ன வசூல் என்று அன்றன்றே கணக்கு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வசூலை மட்டும் பார்த்து ஒரு டிரிப்பை வெட்டினால் கூட்டம் நிரம்பி வழியும் வண்டியைத்தான் வெட்டுவீர்கள். அந்த இலவசச் சீட்டையும் எண்ண வேண்டும். மெக்கானிக்கல் படித்தவருக்கு இது தோதான இடம். தூக்கம்தான் போகும்.

நகரமைப்புக்கு பி.பிளான் என்ற இளநிலைப் பட்டம், 4 வருடம். டெல்லி, போபால், விஜயவாடாவில் மத்திய அரசின் நிறுவனங்கள் உண்டு. தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இந்த வேலைக்கு அடித்தளம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. எந்த வயல் மனையாகலாம், எந்தக் குளத்தைத் தொடக்கூடாது என்ற கோடு இந்த மேசையில் விழுகிறது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் மேலே போகிறது. கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எங்கே நிற்பார்? அதுவும் நகரமைப்பாளரின் கேள்விதான். பதில் கண்ணில் தெரிய வருடக்கணக்காகும்.

அவனுக்குப் பொறுமை கிடையாது. டெப்போ என்றேன்.