மேக்ரோவைப் படித்துப் பார்ப்பதா, ஓடவிட்டுப் பார்ப்பதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் பில், விலைப்பட்டியல், பச்சைத் தேயிலைக் கணக்கு எல்லாமே எக்செல் கோப்பாக மெயிலில் வந்து போகின்றன. இந்தக் கோப்புகளுக்குள் மேக்ரோ என்ற சின்ன நிரலை வைக்க முடியும்; தீங்கான நிரலும் அப்படி நுழையலாம். ஒரு கோப்பு சந்தேகமாகப் பட்டால் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கோப்பைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படிப்பது. ஓலேடூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள ஓலேவிபிஏ இதற்கானது. எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோ வைக்கக்கூடிய எக்செல் வகை) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ நிரலை இந்தக் கருவி வெளியே எடுத்து, கோப்பு திறந்ததும் தானாக ஓடும் பகுதி, வேறு நிரலைக் கிளப்பும் ‘ஷெல்’ கட்டளை போன்றவற்றைச் சுட்டிக்காட்டும். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மலையில் இது பெரிய வசதி. ஆனால் மேக்ரோ இல்லாத கோப்பெல்லாம் சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. ஆபீஸில் சமன்பாடு எழுத உதவும் ஈக்வேஷன் எடிட்டரில் இருந்த, 2017-ல் வெளியான பாதுகாப்பு ஓட்டைக்கு மேக்ரோவே தேவைப்படவில்லை.

இன்னொன்று சாண்ட்பாக்ஸ். தனிமைப்படுத்திய கணினியில் கோப்பைத் திறந்து, அது என்ன செய்கிறது என்று கவனிப்பது. எக்செல் திடீரென பவர்ஷெல்லை (விண்டோஸுக்குக் கட்டளையிடும் கருவி) கிளப்பினால் உடனே தெரிந்துவிடும். நிரலை எவ்வளவு குழப்பி எழுதியிருந்தாலும் இங்கே செயல் வெளிப்படும். சில நிரல்கள் மட்டும் சோதனைக் கணினி என்று கண்டுகொண்டு சும்மா இருந்துவிடும்.

இலவச ஆன்லைன் சாண்ட்பாக்ஸ்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் ஏற்றிய கோப்பை மற்றவர்களும் பார்க்கலாம்; விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் அதில் இருக்கும். சின்ன அலுவலகம் முதலில் ஓலேவிபிஏவை ஓட்டட்டும். நிரல் புரியாதபடி குழம்பியிருந்தால், அப்புறம் சொந்த மெய்நிகர் கணினியில் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் தனிக் கணினி), நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறக்கலாம்.