அகோலே தாலுகா மக்களைத் தெரிந்துகொள்ள சென்சஸ் கையேடு எவ்வளவு உதவும்?

மகாராஷ்டிராவில் ஒரு மலைத் தாலுகாவில் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று ஊர் ஊராகத் தெரிய வேண்டுமென்றால் 2011 சென்சஸின் மாவட்டக் கையேட்டை விட்டால் வேறு வழியில்லை. சென்சஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் அதிகம் புரட்டியது அகமத்நகர் மாவட்டக் கையேட்டை (மாவட்டத்துக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர்), அதிலும் கல்சுபாய் சிகரமும் பண்டார்தரா அணையும் இருக்கிற அகோலே தாலுகாவை.

மாவட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் பழங்குடியினர் 8.3 சதவீதம்தான். தாலுகா அட்டவணைக்கு வாருங்கள், சுமார் 2.9 லட்சம் பேரில் ஏறத்தாழ பாதிப்பேர் பழங்குடிகள்! மாவட்டச் சராசரியை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிவு, தொழில் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். ஊருக்கு ஊர் ஆறு இலக்க எண் இருப்பதால் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தாலும் குழப்பம் வராது.

அப்புறம் குறைகள். பழங்குடி என்று ஒரே கட்டம்தான். மகாதேவ் கோளி எத்தனை பேர், டாக்கர் எத்தனை பேர் என்று கிராம அளவில் தெரியாது, தனித்தனி இனக் கணக்குக்கு மாவட்ட அளவிலான வேறு அட்டவணையைத் தேட வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது தொழில் பத்திதான். மேற்கே காட்கர், ரத்தன்வாடி பக்கம் மழை கொட்டும், ஆனால் அந்த ஒரு மழைப் பட்டத்து நெல்லும் வரகு சாமை வகைகளும் முடிந்தால் நிலத்தில் வேலை இல்லை, பலர் புனே மாவட்டத்து நாராயண்காவ் பக்கம் தக்காளி, திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். சென்சஸில் எந்த வேலையில் அதிக நாள் போனதோ அதுதான் தொழில். ஆக, சொந்த வயலில் நான்கு மாதம், வெளியூர்க் கூலியில் ஐந்து மாதம் என்று இருக்கிற ஒருவர் நிலம் இருந்தும் விவசாயக் கூலி என்றே பதிவாவார். கணக்கெடுப்பு நடந்ததும் பிப்ரவரியில், பாதி வீடு வெளியூரில் இருக்கிற நேரம்.

நாட்டு விதைகளைச் சேர்த்துக் காத்து 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற ராஹிபாய் போபெரே இந்தத் தாலுகாவின் கோம்பாள்ணே ஊர்க்காரர், பள்ளிக்கூடமே போகாதவர். இப்படிப்பட்டவர்களின் அறிவைப் பதிய அட்டவணையில் ஒரு பத்தியும் கிடையாது, எழுத்தறிவுப் பத்தி மட்டும்தான் உண்டு.

பள்ளி, ஆஸ்பத்திரி தூரமும் வருவாய்க் கிராமத்துக்குத்தான். ஒரு கிராமத்தில் தள்ளித்தள்ளி பல வாடிகள் (சிறு குடியிருப்புகள்) இருக்கும், கிராமத்தில் பள்ளி உண்டு என்று போட்டிருந்தாலும் கடைசி வாடிக் குழந்தை மலையேறித்தான் போக வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள், அதன் கிராம அட்டவணை வரும்வரை இதுதான் கையில் இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பிடிஎஃப் போனில் திறக்கத் திணறும், எக்செல் கோப்பை இறக்கி அகோலேயை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போனால் வாடி வாரியாகக் கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.