அரிசி மாவா, குரக்கனா, ஒடியலா? கோதுமை நுழையாத ஒரு வெள்ளவத்தைக் குசினி

மகளுக்கு சீலியாக் நோய் என்று மருத்துவர் சொன்ன அன்று பின்னேரமே நான் காலி வீதியில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய், ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் கூடைக்குள் போட்டேன். பாண் கலவை, பாஸ்தா, பிஸ்கட், கேக் மா. பில்லைப் பார்த்த கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் மனதுக்குள் கணக்குப் பார்க்கிறார் என்று அர்த்தம். இரண்டு வருடம் கழித்து இன்று அந்த இறாக்கையில் வெளிநாட்டுப் பக்கற் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பிறந்தநாளுக்கு. மற்ற இடத்தை எங்கள் ஊர் மாக்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் அவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஈடு என்று நினைத்து நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் ஒன்று. சீலியாக்கும் கோதுமை ஒவ்வாமையும் ஒன்றில்லை. சீலியாக்கில் கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரைத் தேய்க்கிறது. வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமை வேறு. உடனே தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம், ஆனால் பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். சந்தேகம் வந்த கையோடு கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் சீலியாக்கைச் சரியாகக் காட்டும்.

“எங்கட சாப்பாடு அரிசிதானே, இதில என்ன பிரச்சினை?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு கிழமை எங்கள் வீட்டுச் சமையலை எழுதிப் பார்த்தேன். இடியப்பத்தில் பாதிப் பங்கு, அவித்த கோதுமை மா. பிட்டிலும் அப்படியே. தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா கரைப்பது மாமியின் யாழ்ப்பாணத்து வழக்கம். உப்புமா ரவை. பாயசத்தில் சேமியா. ரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட கோதுமை மா. பின்னேரம் குடிக்கும் மோல்ட் பானத்தில் பார்லி. சோயா சோஸிலும் கோதுமை. ஏழு நாளில் கோதுமை வராத நாள் ஒன்றுகூட இல்லை.

அவித்த மாவைப் பற்றித்தான் மாமியோடு அதிகம் வாதாட வேண்டியிருந்தது. “பிள்ளை, ஒரு மணித்தியாலம் துணியில கட்டி ஆவியில அவிச்ச மா. அதில இனி என்ன கிடக்கப்போகுது?” என்பது அவருடைய கட்சி. பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கும்: அவித்த மா இழுபடாது, உதிரும், ரொட்டிக்கு உதவாது. சூட்டில் குளூட்டனின் இழுவைதான் போகிறது, குடலுக்கு ஒவ்வாத பகுதி போவதில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவரின் கதையைச் சொன்ன பிறகுதான் மாமி அடங்கினார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் கிடைக்காமல் போனபோது அவருடைய சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். பாணும் நெருப்பில் வெந்ததுதானே என்று கேட்டேன். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அரிசி மாவை வறு” என்றார்.

அரிசி மாவில் எங்களுக்கு மூன்று வழி: கடைப் பக்கற், மில், வீட்டுக் கிரைண்டர். மூன்றும் ஒரே அரிசி என்றாலும் நான் மூன்றையும் வேறு வேறு பொருளாகத்தான் பார்க்கிறேன்.

வறுத்த சிவப்பரிசி மா பக்கற்றில் கிடைப்பது வசதி. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதே தொழிற்சாலையில் கோதுமை மாவும் ஆட்டா மாவும் பொதி செய்யப்படுகிறதா என்று பின்பக்கத்தை வாசிக்க வேண்டும். குளூட்டன் இல்லாத உணவு என்பதற்கு கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர நூல் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மேசையில் சிந்திய மாவைத் துடைத்த துணியால் மறுபடி துடைத்தாலே தாண்டிவிடக்கூடிய அளவு அது.

மில் எனக்கு விழுந்த அடி. ஊறவைத்து வடித்த சிவப்பரிசியை வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு மில்லுக்குக் கொண்டுபோனேன். மா பூப்போல வந்தது, வாசமும் நல்ல வாசம். இரண்டு நாள் இடியப்பம் சாப்பிட்ட மகள் மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். எதைச் சாப்பிட்டாள் என்று திருப்பித் திருப்பி யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த கிழமை மில்லுக்குப் போய் வரிசையில் நின்றபோதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா சத்துமா அரைக்க வந்திருந்தார்: வறுத்த கோதுமை, பார்லி, பயறு, சோளம் எல்லாம் ஒரே பையில். அவர் முடிந்ததும் மில்காரர் இயந்திரத்தின் வாயில் இரண்டு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். அடுத்த பை என்னுடையது. அவரைக் குறை சொல்ல முடியாது. மிளகாய்த்தூளுக்குப் பிறகு அரிசி அரைப்பதற்கும் அந்த இரண்டு தட்டுத்தான். அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக் கிரைண்டர்தான் இப்போது. இது நேரம் தின்னும். சிவப்பரிசியை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, நன்றாக வடிந்த பிறகு, ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் கிரைண்டர் சூடாகி மா கட்டிபடும். அரித்து, கப்பியைத் திரும்ப அரைத்து, தாச்சியில் மெல்லிய நெருப்பில் கை எடுக்காமல் வறுக்க வேண்டும். முதலில் ஆவி வரும், மா கனமாகக் கிடக்கும். பிறகு ஆவி நின்று, அகப்பையால் கிண்டும்போது மணல் போல வழுகி ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் இறக்கினால் இடியப்பம் உடையாது. அரிசியில் ஒட்டிப்பிடிக்க குளூட்டன் இல்லை. பசை கொடுப்பது கொதித்த தண்ணீரில் வேகும் மாச்சத்து. அதனால் தண்ணீர் கொதி கொதியென்று இருக்க வேண்டும். அவித்த மாவுக்குப் பழகிய கை இதில்தான் தவறும். இளஞ்சூட்டில் குழைத்துவிட்டு, உரலில் பிழிய முடியவில்லை, வெடிக்கிறது என்று அரிசியைத் திட்டும்.

அரிதட்டு, இடியப்ப உரல், நீத்துப்பெட்டி மூன்றையும் புதிதாக வாங்கினோம். பழைய அரிதட்டின் வலைக்குள் பல வருடக் கோதுமை மா ஒளிந்திருக்கும். ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியை எந்த சவர்க்காரமும் சுத்தமாக்காது.

குரக்கன் (கேழ்வரகு) சத்தில் அரிசியைத் தோற்கடிக்கிறது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். தீட்டிய அரிசியில் அதன் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. சீலியாக் பிள்ளைக்குக் குடல் தேறும்வரை கல்சியமும் இரும்பும் குறைவதால் இது முக்கியம். ஆனால் தனிக் குரக்கன் பிட்டு எங்கள் வீட்டில் விலைபோகவில்லை. அரைக்கு அரை வறுத்த அரிசி மா சேர்த்து, தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போகிறது. கடையில் விற்கும் குரக்கன் ரொட்டியை நம்ப வேண்டாம், அனேகமாக அதில் கோதுமை மா கலந்திருக்கும். நிறத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. முழுக் குரக்கனை வாங்கிக் கழுவி, கல் அரித்து, காயவைத்து அரைப்பதே பாதுகாப்பு.

காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுக்கும் ஒடியல் மாவைப் பற்றி நான் பக்கச்சார்பில்லாமல் எழுத மாட்டேன், எனக்கு அந்தக் கசப்புப் பிடிக்கும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் வாங்குவேன். தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, துணியில் பிழிந்தெடுத்தால் கசப்பு தணியும். பிட்டுக்கு நல்லது. கூழுக்கு அதைவிட நல்லது. ஆனால் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குப் போட்டியில் நிற்காது, என் மகள் ஒரு வாய் எடுத்துவிட்டு, “அம்மா, இது மருந்தா?” என்றாள். இன்னொன்று, ஒடியற்கூழில் நண்டும் இறாலும் போகும். என் அக்காவின் மகனுக்கு இறால் ஒவ்வாது. அவன் வீட்டில் இருக்கும் நாளில் மீனை மட்டும் போட்டுக் காய்ச்சுகிறோம். கூழ் என்று சொல்ல முடியாது என்று மாமி சொல்வார், குடிக்கவும் குடிப்பார்.

மரவள்ளி மா தனியாக நின்று ஒன்றும் செய்யாது, துணைக்குத்தான். குழம்பு தடிப்பாக்க, கட்லட் ஒட்ட, பாணுக்கு மென்மை கொடுக்க. ஜவ்வரிசியும் இப்போதெல்லாம் மரவள்ளிதான். சேமியாப் பாயசத்தின் இடத்தை அது பிடித்துவிட்டது, யாரும் முறைப்பாடு செய்யவில்லை. (மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று மாமி இன்றும் இஞ்சித் தேத்தண்ணியைத் தள்ளி வைப்பார்.)

பாண்தான் கடினம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சான்ட்விச் கொண்டுவரும்போது அவளுக்கும் ஆசை. வெளிநாட்டுக் கலவையில் சுட்ட பாண் வடிவாக எழும்பும். ஒரு பாணுக்கான விலையில் புறக்கோட்டையில் கிலோக்கணக்கில் சிவப்பரிசி வாங்கலாம். நான் சுடுவது இரண்டு பங்கு வெள்ளை அரிசி மா, ஒரு பங்கு மரவள்ளி மாச்சத்து, முட்டை, ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமி. பிசையக் கூடாது, வடை மாவைவிடத் தளர்வாக இருக்கும், கரண்டியால் அள்ளித் தட்டில் ஊற்ற வேண்டும். அன்றைக்கு நல்ல பாண். அடுத்த நாள் செங்கல். அதனால் ஆறியதும் வெட்டி ஃப்ரீஸரில் போட்டு, காலையில் துண்டு துண்டாக எடுத்துச் சுடுகிறேன். உண்மையைச் சொன்னால் இந்தப் போட்டியில் இரண்டையும் வெல்வது அப்பம். அரிசியும் தேங்காய்ப் பாலும் புளிக்கவைத்த மாவில் பாணுக்கு வேண்டிய மென்மை தானாகவே இருக்கிறது. ஆனால் அப்பத்துக்குள் சீஸ் வைத்துக் கொடுத்தனுப்பினால் அது சான்ட்விச் ஆகாது என்று எட்டு வயதுக்காரி ஒருத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்துவதா, பிள்ளைக்கு மட்டும் தனிப் பானையா? இரண்டையும் செய்து பார்த்தோம். தனிப் பானை வைத்த நான்கு மாதத்தில் நான் ஒரு நாளுக்கு இரண்டு தடவை சமைத்தேன். யாரோ ஒருவர் எப்படியும் அதே கரண்டியைச் சம்பலுக்குள் விட்டுவிடுவார். இப்போது சமையலறைக்குள் கோதுமை மாவே இல்லை. கணவருக்குப் பாண் வேண்டுமென்றால் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். சட்டைப் பையில் துகள் ஒட்டிக்கொண்டு வந்து மாமியிடம் ஏச்சு வாங்குகிறார்.

பாலுக்கும் இதே ஒப்பீடு உண்டு, ஆனால் சுருக்கமாகச் சொல்லலாம். எதிர்வீட்டுக் குழந்தைக்கு மாட்டுப்பால் ஒவ்வாது. ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது, இரண்டின் புரதமும் ஏறத்தாழ ஒன்று, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஒவ்வாது. சொதிக்கும் பாயசத்துக்கும் தேங்காய்ப் பால் போதும், நம் சமையலுக்கு மாட்டுப்பாலே தேவைப்படுவதில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு தாய்ப்பாலின் இடத்தில் தேங்காய்ப் பாலை வைக்க முடியாது; அதற்கு மருத்துவர் எழுதித்தரும் பால்மாதான்.

வெளியில் சாப்பிடுவது மட்டும் இன்னும் சரிவரவில்லை. போன மாதம் ஒரு சைவக் கடையில் அப்பத்துக்குக் கோதுமை மா கலக்கிறீர்களா என்று கேட்டேன். “இல்லையக்கா, சுத்த அரிசி” என்றார் தம்பி. மகள் தட்டை இழுத்தபோது, உள்ளே அப்பம் சுடும் ஐயாவிடம் எதற்கும் ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஐயா எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் போடுவம் பிள்ளை, மொறுமொறுப்புக்கு.”

இரண்டு அவித்த முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு எழும்பினோம்.