தன்னை மறந்து ஊர்விட்டுப் போனவருக்கு ஓர் அரச உளநலப் பிரிவில் கிடைத்த சிகிச்சை

யாழ். குடாநாட்டிலுள்ள அரச வைத்தியசாலையொன்றின் உளநலப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. நோயாளி இன்னாரென அயலவர் ஊகித்துவிடக் கூடாதென்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கடன் நெருக்கடியும் வேலையிடத்து விசாரணையும் ஒருசேர வந்த காலத்தில் என் அத்தான் வீட்டைவிட்டுக் காணாமற்போனார். பொலிஸில் முறைப்பாடு செய்து தேடியபோது, வவுனியாவில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். சில்லின் கோணலை நிமிர்த்த அவருடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது. தன் பெயரோ, ஊரோ, என் அக்காவின் முகமோ தெரியவில்லை. முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில் கடனுக்குப் பயந்து நடிக்கிறார் என்றார்கள். உறவினர் சிலர் செய்வினை என்று சொல்லி நூல் கட்ட அழைத்தார்கள்.

உளநலப் பிரிவில் இவ்விரண்டில் எதையும் எவரும் சொல்லவில்லை என்பதையே முதற் சிறப்பாகக் குறிப்பிடுவேன். அங்கு முதலில் உடலைத்தான் பார்த்தார்கள். தலையில் அடிபட்டதா, மது அருந்துபவரா, தூக்க மாத்திரை எடுத்தவரா என்று விசாரித்து, இரத்தச் சீனி, சோடியம், தைரொயிட், பி12 ஆகியவற்றைச் சோதித்து, மூளையை ஸ்கான் செய்து, வலிப்பு நோயாளர் சிலரும் தம்மையறியாமல் அலைவதுண்டு என்பதால் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் எடுத்தார்கள். வைத்தியர் தான் முதல்நாள் சொன்ன சிறு கதையொன்றை மறுநாள் திருப்பிக் கேட்டபோது அத்தான் பிசகாமல் சொன்னார். முதுமை மறதியில் புதிய செய்தி மனதில் தங்குவதில்லை. சொந்தப் பெயர் பெரும்பாலும் கடைசிவரை தங்கும். சில மணி நேரம் வந்து ஒரு நாளுக்குள் நீங்கும் தற்காலிக மறதியிலும் நோயாளி தான் யாரென்பதை மறப்பதில்லை. அத்தானிடம் எல்லாமே தலைகீழாக இருந்ததைக் காட்டி, தாங்கமுடியாத நெருக்கடியில் மனம் தன் வரலாற்றிலிருந்து விலகிக்கொள்ளும் விலகல் மறதி இது என்றும், ஊர்விட்டுப் போனது அதன் அரிதான வடிவமான ஃபியூக் என்றும் வைத்தியர் விளக்கினார்.

இது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதல்ல. அமெரிக்காவின் றோட் ஐலண்டைச் சேர்ந்த ஆன்செல் போர்ன் என்ற போதகர் 1887 இல் காணாமற்போய், பென்சில்வேனியாவில் ஏ. ஜே. பிரவுன் என்ற பெயரில் ஏறத்தாழ இரண்டு மாதம் கடை நடத்திவிட்டு, ஒரு காலை தான் எங்கே இருக்கிறேன் என்று திகைத்து எழுந்தார். அவரை 1890 இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அறிதுயிலில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்தி ஆராய்ந்தார். நீண்டகாலம் தனி நோயாகக் கருதப்பட்ட ஃபியூக்கை, 2013 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு விலகல் மறதியின் ஒரு வடிவமாகச் சேர்த்துக்கொண்டது.

சிகிச்சையில் என்னை மிகவும் ஈர்த்தது அதன் நிதானம். நாங்கள் திருமண அல்பத்தையும் உறவினர் கூட்டத்தையும் கொண்டுவந்து நினைவைத் தட்டியெழுப்ப முனைந்தபோது வைத்தியர் தடுத்துவிட்டார். நினைவைத் திருப்பித் தரும் மாத்திரை எதுவும் இல்லை என்று நேரே சொன்னார். சிறிது காலம் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டுமே மருந்து கொடுத்தார். உணவு, உறக்கம், அச்சமற்ற இடம் ஆகியவை முதலில். பேச்சுவழிச் சிகிச்சை பிறகு. பெரும்பாலானோருக்கு நினைவு தானாகவே திரும்பும் என்றும், திரும்பும் வேளைதான் ஆபத்தானது, ஏனெனில் எதிலிருந்து ஓடினாரோ அது முழுதாக அவர் முன் வந்து நிற்கும், தற்கொலை எண்ணம் எழலாம் என்றும் எச்சரித்தார். வீட்டிலுள்ள தோட்டத்துக் கிருமிநாசினிப் போத்தல்களை அப்புறப்படுத்தும்படி தாதி ஒருவர் அக்காவிடம் தனியே சொன்னார். அத்தானுக்கு விசாரணை நினைவு வந்து உடைந்து அழுத இரவில் அந்த அறிவுறுத்தலின் பெறுமதி எங்களுக்குப் புரிந்தது. கடனைக் குடும்பமாகப் பேசித் தவணைக்கு மாற்றியதையும் வைத்தியர் சிகிச்சையின் பகுதியாகவே கருதினார். அது சரியென்றே நானும் நினைக்கிறேன், நோயின் காரணம் அப்படியே இருக்க நினைவு மட்டும் மீண்டு என்ன பயன்?

குறைகளும் உண்டு. கிளினிக் நாட்களில் திரைச்சீலைக்கு அப்பால் அடுத்த நோயாளி காத்திருக்க, ஒருவர் தன் அவமானத்தைப் பேசவேண்டியிருக்கிறது. உளவளத்துணைக்கான அடுத்த திகதி மிகத் தள்ளியே கிடைக்கிறது. பேச்சே முதன்மை மருந்தாகும் நோயில் இந்த இடைவெளி பெரிய குறை. வீடு திரும்பியபின் நிலைமையை விசாரிக்க எவரும் அழைக்கவில்லை. வீட்டுக்குப் போன பின்பே குடும்பம் தனித்து விடப்படுவதால், இதனைத் திருத்துவது அவசரமானது என்பேன்.

கட்டணம் எதுவும் இல்லை. போகும்போது பழைய கிளினிக் கொப்பி, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நோயாளியைக் கடைசியாகக் கண்டவரையும் அழைத்துப் போனால் விசாரிப்பு எளிதாகும். நள்ளிரவில் ஆலோசனை தேவைப்பட்டால் தேசிய உளநல உதவி இலக்கமான 1926 க்கு அழைக்கலாம்.