கல்லடி உப்புக் காற்றில் ஒரு பழைய அம்ப், ஒரு புது அம்ப்

பெரியப்பாவின் இசைத்தட்டுகள் நூற்றிச் சொச்சம் செங்கலடி வீட்டில் இருந்தபடியால்தான் தப்பின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கடலோரத்து எங்கள் கல்லடி வீட்டில் ரேடியோ என்ன, அது இருந்த மேசையே இல்லை. போன வருடம் அந்தத் தட்டுகள் என் கைக்கு வந்தன, பெரும்பாலும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் தயாரான பழைய படப்பாட்டு எல்.பி.க்கள், கொஞ்சம் நாதஸ்வரம். டேர்ன்டேபிளுக்கு ஓடியோ டெக்னிகா ஏ.டி. எல்.பி.120எக்ஸ் வாங்கியாயிற்று, ஸ்பீக்கர் ஒரு சோடி வீட்டிலேயே கிடந்தது. அம்ப்ளிபையர்தான் இல்லை, அதற்காகப் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பழையதுக்குத்தான் ஆசைப்பட்டேன். ஜப்பானில் இருந்து கொள்கலனில் பாவித்த சாமான் வருகிற கடை ஒன்று, பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் செய்த அம்ப், அலுமினிய முகம், ஊசி ஆடுகிற மீட்டர் இரண்டு, தூக்கினால் நாரி பிடிக்கிற பாரம். விலை 55,000 ரூபா. "இங்கத்தக் கரண்டுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் கடைக்காரர். பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று சின்னதாக எழுதியிருந்ததை நானும் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்ததும் மச்சான் அதை நேராகச் சுவரில் செருகிவிட்டான். டப் என்று ஒரு சத்தம், பிறகு கருகல் மணம்.

ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், நமக்கு 230. வெளிநாட்டுக்கென்று செய்த மொடல்களில் சிலவற்றின் பின்னால் வோல்ட் மாற்றுகிற சுவிட்ச் இருக்கும், இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் போட்டே ஆகவேண்டும், அதுவும் அம்ப் இழுக்கிற வாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக. எனக்கு அது 9,000 ரூபா.

நல்ல காலம், டவுனுக்குள் நாற்பது வருடமாக ரேடியோ திருத்துகிற ஒரு ஐயா இருக்கிறார். மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது, உள்ளே எஸ்.டி.கே. ஐ.சி. (பெருக்குகிற பாகங்களை ஒரே கட்டியாக அடைத்த சில்லு) இல்லை, எல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டர். அந்த ஐ.சி. போட்ட செட் என்றால், அது எரிந்த பிறகு அசல் ஐ.சி. தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு, கிடைப்பதில் போலி நிறைய. பியூஸை மாற்றி, டிரான்ஸ்போமருக்குப் பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டித்தான் கரண்ட் கொடுத்தார். பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காமல் எரிந்தால் உள்ளே ஷோர்ட். எங்களுடையது மங்கியது. ஆனால் ஸ்பீக்கர் கொடுக்கிற இடத்தில் மீட்டரை வைத்தபோது இடது பக்கம் 1.4 வோல்ட் டி.சி. நின்றது, அந்த இடத்தில் ஒரு சில மில்லிவோல்ட்தான் இருக்கலாம்.

"மனே, இப்பிடியே ஸ்பீக்கரக் குடுத்தா மறுகா ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டுதான் என்னட்ட வருவாய்."

மூன்று கிழமை எடுத்தார். காய்ந்துபோன கப்பாசிட்டர்களையும் ஸ்பீக்கர் ரிலேயையும் மாற்றினார், குமிழ்களுக்கும் சுவிட்சுகளுக்கும் கொண்டாக்ட் கிளீனர் அடித்தார் (சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை இதற்கு அடிக்காதீர்கள், அந்த எண்ணெய்ப் பசையில் தூசு ஒட்டும்). அந்த 1.4 வோல்ட் 12 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. கூலி, சாமான் சேர்த்து 18,000. ஆக 82,000 ரூபா, கடையில் சொன்ன 55,000 இல்லை.

வீட்டில் போட்ட முதல் நாள் இரவு தட்டு ஓடாதபோதும் ம்ம்ம் என்று ஒரு முனகல். கல்லடிப் பாலத்தடிப் பாடும் மீன் நம் ஹாலுக்கு வந்துவிட்டது என்று மனைவி சிரித்தாள். டேர்ன்டேபிளின் எர்த் கம்பி சரியாகத்தான் இருந்தது. குற்றம் டிரான்ஸ்போமரில், அதைத் தட்டின் ஊசிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், நாலடி தள்ளி வைத்ததும் போய்விட்டது.

பழைய அம்ப்பில் உண்மையிலேயே காசு பெறுவது போனோ பகுதி, அதாவது தட்டின் ஊசியில் இருந்து வருவதை வாங்கிப் பெருக்குகிற இடம். ஊசியில் இருந்து வருவது வெறும் 4 மில்லிவோல்ட் அளவு. அதோடு தட்டில் பதியும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டித்தான் பதிகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இந்த அளவுகோல் ஐம்பதுகளில் வந்தது. அதை அம்ப் தலைகீழாகத் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும். எழுபதுகளில் வீட்டில் தட்டுதான் ராசா என்பதால் இந்தப் பகுதியை அக்கறையாகச் செய்தார்கள். 1982இல் சி.டி. வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்கள், பழையதுதானே என்று தொண்ணூறுகளின் செட் ஒன்றை வாங்கினால் போனோ துளையே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, எல்.பி.120எக்ஸின் பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, லைனில் போட்டால் டேர்ன்டேபிளே பெருக்கிக் கொடுத்துவிடும். அதை லைனில் விட்டுவிட்டு அம்ப்பின் போனோவில் செருகினால் இரண்டு தரம் பெருகி, கேட்க முடியாத கரகரப்பு. நான் இரண்டு நாள் ஊசியைத் திட்டினேன்.

பிறகு வாங்கிய புதியது யமஹா ஏ-எஸ்301. சனலுக்கு 60 வாட், எம்.எம். ஊசிக்கு (பெரும்பாலான டேர்ன்டேபிள்களில் இருக்கிற சாதாரண வகை) போனோ, டீ.வி.க்கு ஒப்டிகல் துளை. இன்னும் மெல்லிய சிக்னல் தருகிற எம்.சி. ஊசி வைத்திருப்பவர்களுக்கு இது தனியாகப் போதாது. விலை என் 82,000 போல இரண்டு மடங்குக்கும் மேல். பெட்டியைத் திறந்தேன், செருகினேன், பாடியது, அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்பதே பெரிய விசயம்தான்.

சரி, சத்தம்? முதல் மாதம் முழுக்கப் பழையதுதான் மேல் என்று எல்லோரிடமும் கதைத்துத் திரிந்தேன், குரலில் ஒரு சதைப்பிடிப்பு இருக்கிறது என்று. பிறகுதான் கவனித்தேன், பழையதில் அடித்தொனியைத் தூக்கிக் காட்டுகிற லவுட்னஸ் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. அதை நிறுத்தி, இரண்டின் ஒலியளவையும் போனில் பார்த்து ஒன்றாக்கி, மனைவியைத் திரும்பி உட்காரவைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். "ரெண்டும் ஒண்டுதானே, இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள். எனக்குப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பழையதில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது, அவ்வளவுதான். ஊசியை மாற்றினால் கேட்கிற வித்தியாசத்தில் கால்வாசியும் இல்லை.

கார்த்திகை மழை தொடங்கியதும் முடிவு தானாக வந்தது. பழையதன் இடது பக்கம் ஒருநாள் ஊமை, குமிழைப் பத்துத் தரம் திருகினால் உயிர் வரும், அடுத்த நாள் வலது பக்கம். சுவிட்சுகளெல்லாம் பச்சை பிடித்துவிட்டன என்றார் ஐயா, இது இரண்டாம் தரம். கடலுக்கு இருநூறு மீற்றரில் அம்பது வருடத்துச் சுவிட்சை வைத்தால் வருடா வருடம் இதுதான். அவரைப் போல ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவர் பழையதைத் தொடவே வேண்டாம், கல்முனையானாலும் சரி, காத்தான்குடியானாலும் சரி. புதியவைகளில் என்ன பயம் என்றால் பதினைந்து வருடம் கழித்து. பொடிப் பொடியான பாகங்கள், முழுப் போர்டையும் மாற்றத்தான் சொல்வார்கள் என்று அவரே சொன்னார், அப்போது போர்டு கிடைக்குமோ தெரியாது.

யமஹா கல்லடியில் ஓடுகிறது. பழையதைச் செங்கலடிக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் ஹாலில் வைத்துவிட்டேன், அங்கே உப்புக் காற்று குறைவு, நாதஸ்வரத் தட்டுகளும் கூடவே திரும்பிப் போய்விட்டன. பிளக்குக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து டிரான்ஸ்போமரோடு சேர்த்து டேப் சுற்றியிருக்கிறேன், மச்சான் அங்கேயும் போய் வருகிறவன்.