செக் ஏடுகளா, இகோர் காவியமா: எதை நம்பலாம்?

பழைய ஸ்லாவிய வீரகதைகளைத் தேடிப் போனால் இரண்டு பெயர்கள் கண்ணில் படும். ஒன்று, 1185இல் பொலோவெட்ஸியர் என்ற புல்வெளி நாடோடிகளிடம் தோற்ற ரஷ்ய இளவரசனைப் பாடும் இகோர் காவியம். இன்னொன்று, த்வூர் கிராலோவே, ஜெலேனா ஹோரா என்ற இரு செக் இடங்களின் பெயர்களைத் தாங்கிய ஏடுகள். இகோரின் மூலப் பிரதி 1812இல் மாஸ்கோ எரிந்தபோது அழிந்துபோனது. 1800இல் அச்சான பதிப்பும் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக எடுத்த நகலும்தான் மிச்சம். செக் ஏடுகள் பிராக் தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் போலி என்று தள்ளப்பட்டது கையில் இருக்கும் ஏடுகள்தான்.

முதல் ஏட்டை 1817இல் த்வூர் கிராலோவே தேவாலயத்தில் கண்டெடுத்ததாகச் சொன்னவர் செக் அறிஞர் வாட்ஸ்லாவ் ஹான்கா. அடுத்த வருடமே இன்னொரு ஏடு பெயரில்லாத கடிதத்தோடு பிராக்குக்கு வந்தது. ஜெர்மானியருக்கு நிபெலுங் காவியம் இருக்கிறது, ரஷ்யருக்கு இகோர் இருக்கிறது, நமக்கு ஒன்றுமில்லையா என்ற ஏக்கம் செக் அறிஞர்களிடம் இருந்த காலம் அது. ஹான்காவின் ஆசானான மொழியறிஞர் டோப்ரோவ்ஸ்கியே இரண்டாவது ஏட்டைப் போலி என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. 1886இல் மொழியறிஞர் யான் கெபாவர், பேராசிரியர் மசாரிக் நடத்திய இதழில், ஏடுகளின் இலக்கணம் உண்மையான பழைய செக்கோடு ஒத்துப்போகவில்லை என்று அடுக்கிக் காட்டினார். அதற்காக மசாரிக்குக் கிடைத்த பட்டம் துரோகி. பிற்பாடு அவர்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ஜனாதிபதி!

இகோரையும் சும்மா விடவில்லை. பிரான்சின் மாசோன், சோவியத்தின் சிமின் ஆகிய அறிஞர்கள் அது 18ஆம் நூற்றாண்டு வேலை என்றார்கள். 2003இல் அமெரிக்க வரலாற்றாளர் கீனன் ஒரு படி மேலே போய், எழுதியதே டோப்ரோவ்ஸ்கிதான் என்றார். போலியைப் பிடித்தவர் தலையிலேயே போலிப் பழி!

2004இல் ரஷ்ய மொழியறிஞர் ஜலிஸ்னியாக் எழுதிய நூல்தான் எனக்குத் தீர்ப்பு. பழைய ரஷ்யத்தில் சில சின்ன ஒட்டுச்சொற்கள் வாக்கியத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கறாரான விதிகள் உண்டு. 1951 முதல் ரஷ்யாவின் நோவ்கொரோத் நகர மண்ணில் கிடைத்துவரும், பூர்ச்ச மரப் பட்டையில் எழுதிய பழைய கடிதங்கள் அவற்றைத் தெளிவாக்கின. இகோர் அந்த விதிகளைப் பின்பற்றுகிறது. 18ஆம் நூற்றாண்டில் எவருக்கும் தெரியாத இலக்கணத்தை ஒரு போலிக்காரர் எப்படிப் பிசகாமல் எழுதுவார்?

12ஆம் நூற்றாண்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இகோர்தான். அதற்காகச் செக் ஏடுகளைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். 1881இல் பிராக் தேசிய அரங்கைத் திறந்துவைத்த இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் லிபுஷே ஓபராவில் ஜெலேனா ஹோரா ஏட்டின் சாயல் உண்டு. 19ஆம் நூற்றாண்டு செக் மனசைப் பிடிக்க இந்த ஏடுகளைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். ஏடுகளின் மேல் போட்ட பொய்யான பழைய தேதியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும்.